ஆமணக்கெண்ணெயில் ஓடிய லொறி

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பின்னேரம் நாலு மணிபோல, லொறிக்காரர் பரமலிங்கம் வினிபிரட்டின் படலையடியில் வந்து நின்றார். இரண்டு கையிலும் இரண்டு போத்தல்கள். ஒன்றில் கறுத்த எண்ணெய், மற்றதில் தேங்காயெண்ணெய். உள்ளே வரச் சொல்லும்வரை அவர் படலையைத் தொடவில்லை.

வினிபிரட்டுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. மிஷன் பள்ளிக்கூடமொன்றில் பெரிய வகுப்புகளுக்கு இரசாயனம் படிப்பித்தாள். தகப்பன் அதே மிஷனில் தலைமை ஆசிரியராக இருந்து இறந்தவர். தாய் இறந்து இரண்டு வருடம். தம்பி கிளரன்ஸ் அவுஸ்திரேலியாவில். அவனுடைய கடிதம் வந்து சேர நாலு மாதம் எடுக்கும். வரும்போது அதிலுள்ள நலம் விசாரிப்பெல்லாம் பழசாகிப் போயிருக்கும். உரும்பிராயில் ஐந்து அறை வீட்டில் அவள் ஒரு அறையைத்தான் பாவித்தாள். ஒரு நாள் சமைத்து இரண்டு நாள் சாப்பிட்டாள். சோதனைத் தாள் திருத்தும்போது, வீட்டுக்குள் ஒரு குரல் கேட்கட்டுமே என்று, பிள்ளைகளின் விடைகளை வாய்விட்டு வாசிப்பாள்.

விறாந்தைக் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு பரமலிங்கம் தன் கதையைச் சொன்னார். அவரிடம் இருந்தது ஐம்பத்தோராம் ஆண்டு பெட்போர்ட். தகப்பன் வாங்கிய லொறி. உரும்பிராய் வெங்காயத்தையும் மரக்கறியையும் சாவகச்சேரிச் சந்தைக்கு ஏற்றுவதுதான் தொழில். அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்ட நாளிலிருந்து பெற்றோல் இல்லை, எஞ்சின் ஒயில் இல்லை. பெற்றோலுக்குப் பதிலாக மண்ணெண்ணெய் விட்டு ஓட்டப் பழகியாயிற்று. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ஓரத்தால் வழிந்து கீழே இருக்கும் ஒயிலோடு சேர்ந்துவிடும். பத்து நாளில் ஒயில் தண்ணீராகிவிடும். பழைய ஒயிலைச் சீலையில் வடித்து, அடைய வைத்து, திரும்பத் திரும்ப ஊற்றி இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டார். அதுவும் முடியப்போகிறது. கேட்டு நடக்க ஒரு மெக்கானிக் இருந்தார். பங்குனியில் அவரும் கிளாலிக் கடலைப் படகில் தாண்டித் தெற்கே போய்விட்டார்.

“நீங்கள் சயன்ஸ் படிப்பிக்கிறனீங்கள். எந்த எண்ணெய் எஞ்சினுக்கு ஒத்துவரும் எண்டு பாத்துச் சொல்லுவியளோ ரீச்சர்?”

வினிபிரட் ஒரு எஞ்சினைத் திறந்து பார்த்தவள் அல்ல. ஆனாலும் ஓம் என்றாள். வகுப்புக்கு வெளியே யாரும் அவளிடம் ஒரு கேள்வி கேட்டு நெடுநாளாகியிருந்தது.

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உடையாமல் மிஞ்சியிருந்தது ஒரேயொரு பியூரெற். அளவு கோடு போட்ட அந்தக் கண்ணாடிக் குழாயை அதிபரிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் நிறுத்தினாள். எண்ணெயை ஊற்றி அடித் திருகைத் திறந்துவிட்டு, பத்து மில்லிலீற்றர் வடிய எத்தனை செக்கன் எடுக்கிறதென்று தகப்பனின் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தாள். பிறகு அதே எண்ணெயைச் சுடுநீரில் வைத்துச் சூடாக்கி இன்னொரு தரம். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், இலுப்பெண்ணெய், வேப்பெண்ணெய் என்று பரமலிங்கம் சனிக்கிழமை தோறும் ஒவ்வொரு போத்தலாகக் கொண்டுவந்தார். ஊரார் சொன்ன வழிகளையும் கூடவே கொண்டுவந்தார். பென்சில் கரியை அரைத்து ஒயிலில் போட்டால் வழுவழுப்பு வருமாம். ரோர்ச் பற்றரியை உடைத்துக் கறுப்புத் தூளைப் போட்டாலும் சரியாம். மண்ணெண்ணெய்க்குள் பூச்சி உருண்டை போட்டால் இழுவை கூடுமாம்.

அவள் இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் பற்றரித் தூளையும் எண்ணெயையும் வைத்துத் தேய்த்து, கழுவி, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். கண்ணாடி முழுக்கக் கீறல். பென்சில் கரியிலும் களிமண் கலந்திருக்கிறது என்றாள். பூச்சி உருண்டையைப் பற்றித் தனக்குத் தெரியாது என்றும், தெரியாததை எஞ்சினுக்குள் போட வேண்டாம் என்றும் சொன்னாள். அந்தப் பதில் பரமலிங்கத்துக்குப் பிடித்தது. தெரியாது என்று சொல்லும் ஆளை அவர் அந்தத் தொழிலில் கண்டதில்லை.

நல்லெண்ணெயைத் தட்டில் தடவி வெயிலில் வைத்தபோது ஒரு கிழமையில் பிசின் மாதிரி ஒட்டியது. தேங்காயெண்ணெய் அப்படியே இருந்தது. பழைய ஒயிலோடு நன்றாகக் கலந்தது. சரிபாதி கலந்து பாவிக்கலாம் என்று புரட்டாதியில் முடிவு சொன்னாள். லொறி ஓடியது. கார்த்திகை வரையில் ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமைகளில் பரமலிங்கம் வந்து, எஞ்சினின் அடியிலிருந்து எடுத்த எண்ணெயை ஒரு சின்னப் போத்தலில் கொடுத்து, தேத்தண்ணி குடித்து, அன்று வீதியில் கண்டதைக் கதைத்துவிட்டுப் போவார். மனைவி பராசக்தி நாலு வருடத்துக்கு முதல் காய்ச்சலில் இறந்ததையும், ஒரே மகள் இராசமலர் கலியாணம் முடித்து வவுனியாவில் இருப்பதையும் அப்படித்தான் அவள் அறிந்தாள். வெள்ளிக்கிழமை பின்னேரமே அவள் கதிரையைத் துடைத்து வைக்கத் தொடங்கியிருந்தாள்.

மார்கழியில் பழைய ஒயில் அடியோடு முடிந்தது. இனித் தனித் தேங்காயெண்ணெய்தான் என்றார் பரமலிங்கம். அவளும் கணக்குக் கொப்பியைப் பார்த்துச் சரி என்றாள். ஒரு மத்தியானம் முழு எஞ்சினுக்கும் புது எண்ணெய் ஊற்றினார்.

இரண்டு நாள் கழித்து, காலை ஆறு மணிக்கு, பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்ட வினிபிரட் தலைக்கு வைக்க எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. இரவு பனி கடுமை. எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்து நின்றது. வழக்கம்போல வெயில் படும் இடத்தில் வைக்கலாமென்று விறாந்தைக்குக் கொண்டுவந்தவள், நடுவழியில் நின்றுவிட்டாள். தலை வாரவும் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பரமலிங்கத்தின் வளவுக்கு ஓடினாள். கொட்டில் வெறுமையாக இருந்தது. ஐந்து மணிக்கே லொறி போய்விட்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

சந்தைப் பாதையில் கோப்பாய் தாண்டி, வெட்டவெளி தொடங்கும் இடத்தில் லொறி ஓரமாக நின்றது. வெங்காய மூட்டைகளை இரண்டு பேர் இறக்கி உழவு மெசினுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பரமலிங்கம் மதகில் இருந்தார். ஒயில் அமுக்கம் காட்டும் முள் எழும்பவேயில்லை என்றும், எஞ்சின் சூடானால் எழும்பும் என்று நினைத்து ஓட்டிவிட்டதாகவும், இவ்விடத்தில் வரும்போது உள்ளே சுத்தியலால் அடிக்கிற மாதிரிக் கேட்டதாகவும் சொன்னார். உறைந்த எண்ணெய் மேலே ஏறவில்லை. உள்ளே பெயரிங் வெட்டி, அது பூட்டியிருந்த தண்டும் கீறுப்பட்டுவிட்டது.

வினிபிரட் சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள். தான் ஆவணி வெயிலில் அளந்ததையும், மார்கழியை நினைக்காமல் விட்டதையும், குளிர்ந்தால் தேங்காயெண்ணெய் உறையுமென்று வருடா வருடம் தானே பிள்ளைகளுக்குப் படிப்பித்ததையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். பிழை முழுவதும் தன்னுடையது என்றாள்.

“எனக்கும் மார்கழி தெரியும்தானே ரீச்சர்,” என்றார் அவர். “என்ரை வீட்டுப் போத்திலும் உறைஞ்சுதான் கிடந்தது. பாத்திட்டுத்தான் வந்தனான்.”

அந்தச் சனிக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த சனியும் இல்லை. லொறி ஓடாதபோது கொண்டுவர எண்ணெய் எங்கே என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். துடைத்த கதிரை அப்படியே கிடந்தது. கிறிஸ்து பிறந்த நத்தார் நாளில் மெதடிஸ்தக் கோயிலில் பாட்டுப் பாடிவிட்டு வந்து, இருட்டு வீட்டில் ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தி வைத்தபோது, தாய் இறந்த வருடத்தில்கூட இந்த வீடு இவ்வளவு பெரிதாக இருக்கவில்லை என்று பட்டது.

மேசையில் பியூரெற் இன்னும் நின்றது. தையில் அவள் திரும்பவும் தொடங்கினாள். உறையாத எண்ணெய் வேண்டும். தடிப்பாக இருக்கவும் வேண்டும். வேலிக்கரைகளில் ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்காமல் நின்ற ஆமணக்கு அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. பிள்ளைப்பேற்று வீடுகளுக்கு ஆமணக்கெண்ணெய் காய்ச்சிக் கொடுக்கும் சிவக்கொழுந்து அந்த ஊரிலேயே இருந்தாள். ஒரு போத்தல் வாங்கி அளந்தாள். சூட்டிலும் தடிப்பு அதிகம் குறையாமல் மெல்ல மெல்ல வடிந்தது. விடியற்பனியில் முற்றத்தில் வைத்துப் பார்த்தாள், உறையவில்லை. பிறகு, ஒன்றை எதிர்பார்த்துச் செய்ததென்று சொல்ல முடியாது, ஒரு சோதனைக் குழாயில் ஆமணக்கெண்ணெயையும் மண்ணெண்ணெயையும் விட்டுக் குலுக்கி வைத்துவிட்டுப் படுத்தாள். காலையில் மண்ணெண்ணெயின் பெரும்பகுதி பிரிந்து மேலே நின்றது.

அவள் குழாயைக் கையில் பிடித்தபடி குசினிக்குள் நெடுநேரம் நின்றாள். எந்த ஒயிலையும் தண்ணீராக்கிக் கெடுத்த மண்ணெண்ணெய் இந்த எண்ணெயோடு மட்டும் சரியாகச் சேர மறுக்கிறது. மேலே நிற்பது எஞ்சின் சூட்டில் ஆவியாகிப் போய்விடும்.

தனியாக இருக்கும் ஆண்பிள்ளையின் வளவுக்குத் தனியாக இருக்கும் பெண்பிள்ளை போனால் ஊர் என்ன கதைக்கும் என்று அவளுக்குத் தெரியும். போனாள். எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் பரப்பி வைத்திருந்த பரமலிங்கம் எழுந்து நின்று, சாரத்தில் கையைத் துடைத்தார். அவள் குழாயை நீட்டினாள். அவர் அதை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். திரும்பக் குலுக்கினார். மேலும் கீழும் பிரிந்து நிற்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இதையெல்லாம் தனிய இருந்தோ செய்தனீங்கள்?” என்று கேட்டார்.

“வேறை ஆர் இருக்கினம்?”

சுன்னாகத்தில் ஓடாமல் கிடந்த இன்னொரு பெட்போர்ட்டில் பெயரிங் கழற்றி, தண்டைக் கடைந்து, எஞ்சினைப் பூட்டப் பங்குனி ஆகிவிட்டது. இதற்கிடையில் எண்ணெய் வேலை. போத்தல் கணக்கில் காய்ச்சும் சிவக்கொழுந்திடம் இரண்டு கலன் கேட்டபோது, லொறிக்குப் பேதி கொடுக்கப்போகிறீர்களோ என்று அவள் கேட்டாள். எண்ணெயில் தண்ணீர் ஒரு துளியும் இருக்கக்கூடாது என்று, வெடிப்புச் சத்தம் அடங்கும்வரை வினிபிரட் பக்கத்தில் நின்று காய்ச்சுவித்தாள். எஞ்சின் ஒயிலோடு ஆமணக்கெண்ணெய் கலந்தால் அடியில் வேறாகப் பிரியும். ஆகவே கலக்கவே கூடாது, எஞ்சினுக்குள் பழசு ஒரு சொட்டும் நிற்கக்கூடாது என்றாள். நானூறு மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் பிசின் படியும். படிந்த பிசினைக் கரைக்க மண்ணெண்ணெய் உதவாது, சாராயம்தான் உதவும் என்று சொல்லும்போது, மதுவை வீட்டில் அண்டவிடாத அந்த மெதடிஸ்தத் தலைமை ஆசிரியரின் மகளுக்குக் காது சிவந்தது. பரமலிங்கம் எங்கிருந்தோ ஒரு போத்தல் பனஞ்சாராயம் கொண்டுவந்தார். இருவரும் கொட்டிலில் இருந்து, பட்டப்பகலில், சாராயத்தில் சீலையைத் தோய்த்து வால்வுகளைத் துடைத்ததை வேலிக்கு மேலால் இரண்டு பேர் பார்த்தார்கள். அது கோயில்வரை போனது. வினிபிரட் கவலைப்படவில்லை.

முதல் ஓட்டத்துக்கு அவளையும் முன் ஆசனத்தில் ஏற்றினார். நாவற்குழிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. அமுக்க முள் நடுவில் அசையாமல் நின்றது. அவர் வீதியைப் பார்த்தார். அவள் முள்ளைப் பார்த்தாள். சாவகச்சேரி வரும்வரை அது இறங்கவில்லை. திரும்பி வரும்போது அவள் தன்னையறியாமல் ஒரு ஞானப்பாட்டை முணுமுணுத்தாள். அவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் சனிக்கிழமைகள் இருந்தன. மாற்றி எடுத்த எண்ணெயை அவள் அளந்தாள், குறித்தாள். சில நாள் அளக்க ஒன்றும் இல்லாமலே அவர் வந்தார்.

தொண்ணூற்றுநாலாம் ஆண்டு ஆனியில் மகள் இராசமலருக்குப் பிள்ளைப்பேறு என்று செய்தி வந்தது. ஊரை விட்டு வெளியே போகப் பாஸ் கிடைத்தது. இரண்டு மாதத்தில் வந்துவிடுவேன் என்றார் பரமலிங்கம். லொறித் திறப்பை அவளிடம் கொடுத்தார். ஆமணக்கெண்ணெய் ஓடாமல் நின்றால் இறுகிவிடும், ஞாயிற்றுக்கிழமைகளில் கால் மணித்தியாலம் இயக்கிவிட வேண்டும். சின்ன மருந்துப் போத்தலில் இருந்த பெற்றோலைக் காட்டி, எஞ்சின் பிடிக்க முதலில் எத்தனை சொட்டு விடுவதென்று சொன்னார். முன்னால் கைபிடியைப் போட்டுச் சுற்றும்போது பெருவிரலை மடக்கிப் பிடிக்கக்கூடாது, எஞ்சின் திருப்பி அடித்தால் விரல் முறிந்துவிடும் என்று அவளுடைய பெருவிரலை மெல்ல எடுத்து மற்ற விரல்களோடு சேர்த்து வைத்தார். அவர் அவளைத் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

படலையடியில் திரும்பி நின்றார்.

“விறகும் எண்ணெயும் இல்லாத காலத்திலை ரண்டு வீட்டிலை ரண்டு அடுப்பு எரியிறது வீண் எண்டு எனக்குப் படுது ரீச்சர். இப்ப ஒண்டும் சொல்ல வேண்டாம். நான் வந்தாப்பிறகு சொல்லுங்கோ.”

அவள் திறப்பைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்காவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டாள். அவ்வளவு காலம் பேசாமலே இருந்து பழகிவிட்டிருந்தாள்.

ஞாயிறு தோறும் கோயில் முடிந்து, வெள்ளைச் சேலையை மாற்றி, கொட்டிலுக்குப் போனாள். முதல் இரண்டு கிழமையும் கைபிடி அசையவே இல்லை. மூன்றாம் கிழமை உடல் பாரத்தை முழுக்கக் கொடுத்துச் சுற்றினாள். எஞ்சின் ஒருமுறை இருமி, பிடித்தது. அவள் கொட்டில் மரத்தில் சாய்ந்து இருந்து கால் மணித்தியாலம் கேட்டாள். ஆவணி போனது. புரட்டாதி, ஐப்பசி போனது. அவர் வரவில்லை. கடிதமும் இல்லை. பதில் என்னவென்று அவளுக்கு இதற்குள் தெரிந்துவிட்டது, கேட்டவர்தான் இல்லை.

தையில் சண்டை நின்றது. பாதை திறக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். மாசியில், வவுனியாவிலிருந்து வந்த ஒருவர் கையில் கடிதம் வந்தது. சலரோகத்தால், இரத்தத்தில் சீனி ஏறி, வலது காலில் புண் வந்து, விரல்கள் மூன்றை எடுத்துவிட்டார்கள். இனி லொறி ஓட்ட முடியாது. லொறியை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். போகும்போது தான் கேட்டதை மறந்துவிடுங்கள், நடக்க மாட்டாத ஆளை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பது நியாயம் இல்லை. இவ்வளவுதான் எழுதியிருந்தார். எழுத்து சாய்ந்து சாய்ந்து கிடந்தது.

வினிபிரட் லொறியை வெங்காயச் செய்கைக்காரர் சங்கத்துக்குக் கொடுத்தாள். அங்கே சாரதி பஞ்சலிங்கம். எந்த எண்ணெய், எத்தனை மைல், எதை எதோடு கலக்கக்கூடாது என்று ஒரு தாள் முழுக்க எழுதி அவனிடம் கொடுத்தாள். பிறகு வவுனியாவுக்குக் கடிதம் எழுதினாள். லொறியைப் பற்றி ஒரு பக்கம். மறுபக்கத்தில், ‘நீங்கள் கேட்டதை நான் மறக்கவில்லை. என்னுடைய பதில் ஓம்’ என்று எழுதிக் கீழே கையெழுத்து வைத்தாள். பங்குனி முடிவில் அந்தப் பக்கம் போன ஆட்கள் அதைக் கொண்டுபோனார்கள். சித்திரையில் சண்டை திரும்பத் தொடங்கியது. கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று சொல்ல ஒருவரும் வரவில்லை.

ஐப்பசி முடிவில், இராணுவம் நெருங்கி வர, உரும்பிராயோடு சேர்ந்து வலிகாமப் பகுதி முழுவதும் எழும்பி நடந்தது. மழை. பஞ்சலிங்கத்தின் லொறி நடக்க முடியாதவர்களால் நிறைந்திருந்தது. அவள் சைக்கிளில் ஒரு பையைக் கட்டி உருட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தாள். அவ்வளவு சனத்துக்குள் நெரிபட்டு நடந்தபோதும் அவளோடு வருகிறவர் என்று யாரும் இருக்கவில்லை. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட மேசைக்கடியில் பதினேழு நாள் படுத்தாள். கோயில் ஆட்கள் தங்களோடு நிற்கச் சொன்னார்கள். நிலைமை சரியானதும் எல்லோரும் ஒன்றாக ஊருக்குத் திரும்பலாம் என்றார்கள். பதினெட்டாம் நாள் காலை அவள் பையைத் திரும்பச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, தெற்கே கிளாலிப் பக்கம் திரும்பினாள்.

கரையில், படகில் போகிறவர்களின் பெயர் எழுதும் மேசைக்கு முன்னால் வரிசை மத்தியானம்வரை நகர்ந்தது. அவளுடைய முறை வந்தபோது எழுதுகிற பெடியன் தலை நிமிராமலே கேட்டான், அங்காலை யாரிடம் போகிறீர்கள் என்று. வவுனியாவில் பரமலிங்கம் என்பவரிடம் என்றாள்.

“உங்களுக்கு என்ன முறை அம்மா?”

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். ஒரு பிள்ளை அழுதது. கட்டியவர் என்று சொன்னால் பொய். தெரிந்தவர் என்று சொன்னாலும் பொய்.

“நான் கட்டப்போறவர்,” என்றாள் வினிபிரட். “அப்பிடியே எழுதுங்கோ.”

அவன் நிமிர்ந்து அவளுடைய நரைத்த தலையையும், சேற்றில் ஊறிய சேலைக் கரையையும் ஒருதரம் பார்த்தான். பிறகு குனிந்து, அவள் சொன்னபடியே எழுதினான்.